பாணா, பழஞ்சோறா, குரக்கனா? குடல் நுண்ணுயிர்களுக்காகக் காலை உணவை மாற்ற நினைக்கும் வன்னி வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய செய்திகள் கைபேசி வழியாக வன்னியின் எல்லா ஊர்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. பாணை விட்டுவிட்டுப் பழஞ்சோறு சாப்பிடச் சொல்கிறது ஒரு காணொளி. குரக்கன் ஒன்றே போதும் என்கிறது இன்னொன்று. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் உயிருள்ள நல்ல பற்றீரியாக்களை அடைத்த புரோபயோட்டிக் குளிகையில் ஒரு போத்தலை அனுப்பி, தினமும் ஒன்று விழுங்குமாறு வற்புறுத்துகிறார். காலை 5 மணிக்கு அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வயலுக்கோ வேலைக்கோ போக வேண்டிய ஒரு வீடு இவற்றுள் எதைத் தேர்வது என்பதே வாசகர் பலரிடமிருந்து வரும் கேள்வி. வன்னியில் எளிதாகக் கிடைக்கும் ஐந்து தெரிவுகளை, அதாவது கடைப் பாண், பழஞ்சோறு, குரக்கன் புட்டு, தயிர், புரோபயோட்டிக் குளிகை ஆகியவற்றை, ஒரே அளவுகோல்களால் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது?

ஒரு சராசரி மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் அவற்றின் நிறை 200 கிராம் அளவே வரும். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் உண்ணும் மாப்பொருளும் சீனியும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடுவதால், பெருங்குடலில் உள்ளவற்றுக்குக் கிடைப்பது நம்மால் செரிக்க முடியாத மிச்சம் மட்டுமே. நார்ப்பொருளும், செரிமானத்துக்குத் தப்பிய மாப்பொருளுமே அந்த மிச்சத்தின் முக்கிய பகுதி. அவற்றைப் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து அசற்றேற்று, புரோப்பியனேற்று, பியூட்டிரேற்று என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களைத் தருகின்றன. இவற்றுள் பியூட்டிரேற்றே பெருங்குடலின் உட்சுவர்க் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். நார்ப்பொருள் கிடைக்காதபோது சில பற்றீரியா இனங்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படையையே உண்ணத் தொடங்குவதை 2016இல் எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே முதலாவது அளவுகோல், அந்த உணவிலிருந்து எவ்வளவு நார்ப்பொருள் பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது என்பது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளை இயற்கை உணவுகளிலிருந்து பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. இரண்டாவது, அந்த உணவு உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்டுவருகிறதா என்பது. மூன்றாவது, கிழமை முழுவதும் உண்ணும் தாவர வகைகளின் எண்ணிக்கையை அது கூட்டுகிறதா என்பது. அமெரிக்காவில் தொடங்கிப் பல நாட்டவரை உள்ளடக்கிய ஒரு பெருந்திட்டத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, வாரத்தில் 30க்கு மேற்பட்ட தாவர வகைகளை உண்போரின் குடல் நுண்ணுயிர்கள், 10 அல்லது அதற்குக் குறைவாக உண்போருடையவற்றைவிடப் பல்வகைப்பட்டவை என்று கண்டது. நான்காவது அளவுகோலை ஒப்பீடுகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அது மறைந்திருக்கும் செலவு: காசு, விடியற்காலை நேரம், விறகு, நல்ல தண்ணீர், கெட்டுப்போனால் வரும் ஆபத்து.

முதலாவது அளவுகோலுக்கான எண்களை ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணைகளிலிருந்து தருகிறேன். இவை சமைக்காத 100 கிராம் பொருளில் உள்ள மொத்த நார்ப்பொருளின் அளவுகள்.

| பொருள் | நார்ப்பொருள் (கிராம்) |
|---|---|
| சுத்திகரித்த கோதுமை மா | சுமார் 2.8 |
| தீட்டிய வெள்ளை அரிசி | சுமார் 2.8 |
| தவிடு நீக்காத அரிசி | சுமார் 4.4 |
| குரக்கன் | சுமார் 11 |
| உழுத்தம்பருப்பு | சுமார் 12 |
| முழுப் பயறு | சுமார் 17 |

இந்த அட்டவணையைச் சற்று நேரம் பார்த்தால் ஒன்று புலப்படும். அரிசியா கோதுமையா என்று நடக்கும் வாக்குவாதத்தைவிட, தானியத்தோடு ஒரு முழுப் பருப்பு வகை சேர்கிறதா இல்லையா என்பதே குடலுக்குப் பெரிய வேறுபாட்டைத் தருகிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உழுந்தும் பயறும் கௌபியும் கச்சானும் விளைகின்றன. அவற்றை விளைவித்து மூட்டையாக விற்றுவிட்டு, அந்தக் காசில் பாணும் பிஸ்கற்றும் வாங்கும் வீடுகள் இங்கே ஏராளம் என்பதைக் கவலையோடு சொல்கிறேன்.

## கடைப் பாண்

பாணைக் குறைசொல்வது எளிது. அது ஏன் நம் வீடுகளுக்குள் இவ்வளவு ஆழமாக வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலும் செட்டிகுளம் முகாம்களிலும் நிவாரணமாகக் கைக்கு வந்தவற்றில் கோதுமை மாவும் பருப்பும் முக்கியமானவை. குரக்கன் விதைக்க நிலமும், அரிசி ஊறவைத்து இடிக்க உரலும், புட்டு அவிக்க நீற்றுப்பெட்டியும் இல்லாத காலத்தில் கோதுமை மா றொட்டியும் கோதுமை மாப் புட்டும் ஒரு தலைமுறைக்குப் பழகிய உணவாகிவிட்டன. மீள்குடியேறிய பின்னர் இசை ஒலித்தபடி வீட்டு வாசலுக்கே வரும் பாண் ஆட்டோ அந்தப் பழக்கத்தை நிலைநிறுத்தியது.

நார்ப்பொருள் என்ற அளவுகோலில் பாண் பின்தங்குகிறது. கால் இறாத்தல் பாண் ஏறத்தாழ 3 கிராம் நார்ப்பொருளையே தரும். மீதி மாப்பொருள் சிறுகுடலிலேயே குளுக்கோசாகிவிடும். பாணும் ஈஸ்ற் சேர்த்துப் புளிக்கவைத்த உணவுதானே என்று சிலர் கேட்கிறார்கள். புளித்தது உண்மை, ஆனால் போறணையின் வெப்பத்தில் அந்த ஈஸ்ற் முழுவதும் இறந்துவிடுவதால் உயிருள்ள நுண்ணுயிர் எதுவும் எஞ்சுவதில்லை. மண்ணிறப் பாணையும் குரக்கன் பாணையும் நிறத்தை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். மாவில் எத்தனை பங்கு தவிடு அல்லது குரக்கன் என்று வெதுப்பகத்தில் கேட்டு அறிந்து வாங்குவதே சரி.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பாண் சாப்பிட்டவருக்கு 10 மணிக்குள் மீண்டும் பசி எடுக்கும். அப்போது வாங்கும் பணிஸ், றோல்ஸ், சீனி கூடிய தேநீர் ஆகியவற்றையும் பாணின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். அடுத்தது விலை. கோதுமை முழுவதும் இறக்குமதி என்பதால், 2022 நெருக்கடியில் பாண் விலை ஏறியதைப் போன்ற அதிர்ச்சி எப்போது வந்தாலும் இந்த வீடுகளையே முதலில் தாக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாண் பொருத்தமான வீடுகள் உண்டு. தாய் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய வீட்டில், சமைக்க ஆளில்லாத முதியவரின் வீட்டில், பாண் பசியைப் பாதுகாப்பாகத் தீர்க்கிறது. அங்கே பாணை நிறுத்தச் சொல்வதைவிடப் பாணுக்குத் துணையாக வைப்பதை மாற்றச் சொல்வேன். மாஜரினும் ஜாமும் இருந்த இடத்தில் முதல்நாள் இரவே அவித்து வைத்த பயறோ கௌபியோ, கட்டியான பருப்புக் கறியோ, முருங்கையிலை வறையோ வரட்டும். 50 கிராம் முழுப் பயறு மட்டுமே 8 கிராம் வரை நார்ப்பொருள் தரும். தேங்காய்ச் சம்பலையும் குறைவாக எண்ண வேண்டாம்; துருவிய தேங்காயில் 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம் நார்ப்பொருள் உண்டு, அதனோடு சேரும் சின்ன வெங்காயத்தில் பற்றீரியாக்கள் விரும்பி நொதிக்கும் இனுலின் வகை நார்ப்பொருளும் உண்டு.

## பழஞ்சோறு

வெயிலில் வயல் வேலைக்குப் போகிறவர்களின் காலை உணவாக நெடுங்காலம் இருந்த பழஞ்சோறு, வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டுப் பல வீடுகளில் கைவிடப்பட்டது. இப்போது அதே பழஞ்சோறு எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசப்படுகிறது. இரண்டுமே அதற்கு அநியாயம்.

நடப்பது இதுதான். இரவு உணவுக்குப் பின் மிஞ்சிய சோற்றைக் கட்டி உடைத்து மண்சட்டியில் இட்டு, கொதித்தாறிய தண்ணீரை சோற்றுக்கு மேல் இரண்டு விரலளவு நிற்கும்படி ஊற்றி, மெல்லிய துணியால் மூடி வைக்கிறோம். வன்னியின் இரவு வெப்பநிலையில் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் பெருகித் தண்ணீரை மெல்லப் புளிக்கவைக்கின்றன. காலையில் மூடியைத் திறந்தால் மோரின் வாசனையை ஒத்த இலேசான புளிப்பு மணம் வரும். தண்ணீர் கலங்கியிருக்கும், ஆனால் நூல்போல இழுபடாது. பருக்கை விரலுக்கிடையில் நசியும், ஆனால் வழுக்காது. அதைக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, தயிரோ தேசிப்புளியோ விட்டு உண்கிறோம். இந்த உணவு அடுப்பேறாமலே வாய்க்குப் போவதால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் உயிரோடு உள்ளே செல்கின்றன.

சோறு ஆறும்போது அதன் மாப்பொருளின் ஒரு பகுதி இறுகிச் செரிமானத்துக்குத் தப்பும் வடிவத்துக்கு மாறுகிறது. 2015இல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், புதிதாக ஆக்கிய வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்த வகை மாப்பொருள், 10 மணி நேரம் அறை வெப்பத்தில் ஆறியபோது 1.3 கிராமாக உயர்ந்தது. இரண்டு மடங்கு என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு பெரிய கோப்பைச் சோற்றிலும் அது 4 கிராம் அளவே வரும். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து ஒரு மாணவரும் அவருடைய வழிகாட்டியும் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் முன்வைத்த, தேங்காய் எண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணி நேரம் குளிரூட்டிய சோற்றைப் பற்றிய ஆய்வு இன்றும் கைபேசிகளில் சுற்றுகிறது. அது ஆய்வுகூடத்தில் சோற்றை அளந்த ஆய்வு. மனிதர்களின் குடலை அளந்ததல்ல. ஆகவே பழஞ்சோற்றின் நன்மையை அதன் உயிருள்ள புளிப்பிலும் அதனோடு சேரும் வெங்காயத்திலும் தயிரிலும் பார்க்க வேண்டும். நார்ப்பொருளுக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தீட்டாத சிவப்பரிசியில், குறிப்பாக மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய இனங்களின் தவிடு போகாத அரிசியில் ஆக்கிய சோறானால் அந்தக் குறையும் ஓரளவு நீங்கும்.

புளிக்கவைத்த உணவுகளைப் பற்றிய மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்று 2021இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 36 பேரை இரு குழுக்களாக்கி, 10 வாரம் ஒரு குழுவுக்கு நார்ப்பொருள் மிகுந்த உணவையும் மற்றக் குழுவுக்குப் புளித்த உணவுகளையும் கொடுத்தார்கள். புளித்த உணவுக் குழுவில் நுண்ணுயிர்களின் பல்வகைமை கூடியது. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ப்பொருள் குழுவில் பல்வகைமை சராசரியாகக் கூடவில்லை. புளித்த உணவுக் குழுவினர் உண்டவை யோகட், கெஃபிர் என்னும் புளித்த பால், கிம்சி என்னும் கொரியப் புளித்த மரக்கறி போன்றவை. பழஞ்சோறு அந்தப் பட்டியலில் இல்லை. எனினும் புளித்த உணவும் நார்ப்பொருளும் குடலில் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன, ஒன்றுக்கு மற்றது ஈடாகாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

பழஞ்சோற்றின் உண்மையான விலை தண்ணீரிலும் பாதுகாப்பிலும் இருக்கிறது. சோற்றில் பசிலஸ் செரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் கொதிநீரிலும் சாகாமல் தங்கும். சோறு நெடுநேரம் இளஞ்சூட்டில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே மத்தியானம் ஆக்கிய சோற்றை இரவு வரை மூடிவைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது தவறு. இரவுச் சோற்றை ஆறியவுடனே தண்ணீரில் இட வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் காலத்தில் 8 மணி நேரமே போதும். அதைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது. கெட்ட நாற்றமோ வழுவழுப்போ இருந்தால் மாட்டுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். முதல்நாள் மீன்கறியையும் இறைச்சிக் கறியையும் இரவு முழுவதும் வெளியே வைத்துக் காலையில் பழஞ்சோற்றோடு குழைப்பதை எவ்வளவு ருசியாக இருந்தாலும் தவிர்க்கச் சொல்வேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நன்றாகக் கொதிக்கவைத்த கறியானால் வேறு. மலசலகூடக் குழிக்கு அருகில் கிணறு உள்ள வீட்டில் கொதிக்கவைக்காத தண்ணீரில் சோறு ஊறப்போடவே கூடாது. மாரி வெள்ளத்துக்குப் பிந்திய வாரங்களில் எல்லா வீட்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்.

கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்குப் பழஞ்சோறு வேண்டாம். நல்ல தண்ணீரும் சிவப்பரிசியும் உள்ள, காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத, உடலுழைப்பு மிகுந்த வீட்டுக்கு இதைவிடச் செலவு குறைந்த தெரிவு இல்லை.

## குரக்கன் புட்டு

நார்ப்பொருள் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் குரக்கன் முதலிடம் பெறும். 100 கிராம் மாவில் அவித்த புட்டோடு ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூவும் சேர்ந்தால், நாளுக்குரிய 25 கிராமில் பாதிக்கு மேல் காலையிலேயே நிறைவேறிவிடும். அதே அளவு குரக்கனில் 350 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியமும் உண்டு. நார்ப்பொருள் திடீரெனக் கூடினால் குடலில் என்ன நடக்கும் என்பதற்கு 2015இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. ஆபிரிக்க அமெரிக்கர் 20 பேருக்கும் தென்னாபிரிக்கக் கிராமத்தவர் 20 பேருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருவர் உணவை மற்றவர் உண்ணும்படி மாற்றிக் கொடுத்தார்கள். நார்ப்பொருள் மிகுந்த கிராமத்து உணவுக்கு மாறியவர்களின் குடலில் பியூட்டிரேற்று உற்பத்தி கூடி, அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த அமெரிக்க உணவுக்கு மாறிய கிராமத்தவருக்கு நேர்மாறானது நடந்தது. இரண்டே வாரத்தில் நன்மையும் தீமையும் இவ்வளவு விரைவாக வரும் என்பதால், ஒரு நாள் குரக்கனும் ஆறு நாள் பாணும் என்ற கணக்கு பெரிதாக உதவாது.

குரக்கனின் மறைந்த செலவு பதப்படுத்துவதில் இருக்கிறது. புடைத்து, கல் மண் போக அரித்து, காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மில்லில் மிக நைசாக அரைத்து அரிதட்டில் சலித்து உமித்தூளை ஒதுக்கிவிட்டால், எதற்காகக் குரக்கன் வாங்கினோமோ அதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். சற்றுக் கரகரப்பாக அரைக்கச் சொல்லிச் சலிக்காமல் வாங்குவது நல்லது. அதே மாவைக் கூழாகவோ கஞ்சியாகவோ நெடுநேரம் காய்ச்சினால் மாப்பொருள் விரைவாகச் செரித்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் குரக்கன் கஞ்சியை வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று நம்புவது சரியன்று. புட்டாகவோ றொட்டியாகவோ உண்பது மேல். கடையில் பொதியாக வாங்குபவர்கள், பொதியில் எழுதியிருப்பதைப் படித்து, கோதுமை மா கலந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழகாதவர் முதல் நாளே வயிறு நிறையக் குரக்கன் புட்டு உண்டால் வயிறு ஊதும். பற்றீரியாக்கள் வேலை செய்வதன் அடையாளம் அது என்றாலும் தொல்லை தொல்லைதான். அரிசி மாவோடு நாலில் ஒரு பங்கு குரக்கன் மாவைக் கலந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் பாதிப் பங்குக்குக் கொண்டுவரலாம். பிள்ளைகள் குரக்கனின் கருமைக்கு முகம் சுளிப்பதும் இந்தக் கலவையில் குறையும்.

இந்த இடத்தில் தோசையையும் சொல்லிவிட வேண்டும். உழுந்தும் அரிசியும் புளித்த மாவில் நுண்ணுயிர்கள் நிறைந்திருந்தாலும் தோசைக்கல்லில் அவை இறந்துவிடும். ஆகவே உயிருள்ள நுண்ணுயிருக்காகத் தோசை உண்பதில் பொருளில்லை. ஆனால் உழுந்தின் நார்ப்பொருள் அப்படியே இருக்கும்; புளிப்பதனால், இரும்புச்சத்தைப் பிடித்துவைக்கும் பைற்றேற்று என்னும் பொருள் குறைந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதும் எளிதாகும். அரிசியின் ஒரு பங்குக்குப் பதிலாகக் குரக்கனைச் சேர்த்து அரைத்த தோசை, பாணுக்கும் புட்டுக்கும் இடையில் நல்ல சமரசம்.

## தயிரும் யோகட்டும்

முல்லைத்தீவு, வவுனியா வீதியோரங்களில் சட்டியில் விற்கும் எருமைத் தயிர் வன்னியின் செல்வங்களில் ஒன்று. உயிருள்ள நுண்ணுயிர் என்ற அளவுகோலில் அது முன்னிற்கிறது; நார்ப்பொருளில் அதற்கு எதுவுமில்லை. தயிரிலுள்ள பற்றீரியாக்களில் பெரும்பாலானவை குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை; உண்ணும் காலம் வரை வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியேறிவிடும். ஆகவே மாதத்துக்கு ஒரு சட்டி வாங்கி ஒரே நாளில் தீர்ப்பதைவிட, நாளொன்றுக்கு ஒரு சிறு கிண்ணமாக உண்பதே பயன் தரும்.

பலசரக்குக் கடையின் கோப்பை யோகட்டிலும் நல்ல பற்றீரியாக்கள் உண்டு, ஆனால் அதில் சேரும் சீனியின் அளவைப் பார்க்க வேண்டும். தயிருக்கு மேல் பாணியும் சீனியும் கொட்டி உண்பதும் அதே கணக்கில்தான் வரும். பால் குடித்தால் வயிறு குழம்புபவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது, ஏனெனில் பற்றீரியாக்கள் பாலிலுள்ள இலற்றோசு என்னும் சீனியின் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. பாலைக் காய்ச்சாமல் உறைய வைத்த தயிரை வாங்க வேண்டாம். புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் பச்சைப்பாலின் வழியாக வரக்கூடும். தயிரைத் தனி உணவாக எண்ணாமல் பழஞ்சோற்றுக்கோ குரக்கனுக்கோ துணையாக வைப்பதே என் பரிந்துரை.

## புரோபயோட்டிக் குளிகை

விலை கூடியதும், பொதுவாக உடல்நலத்தோடு இருப்பவருக்கு ஆதாரம் குறைந்ததும் இதுவே. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயோட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. குறைமாதக் குழந்தைகள் போன்ற மிகச் சில நிலைமைகளில் மட்டும் குறிப்பிட்ட வகைகளை ஏற்றது. அன்ரிபயோட்டிக் எடுத்த பிறகு குடலைச் சீராக்க இதை விழுங்குவோர் பலர். 2018இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், அன்ரிபயோட்டிக்கின் பின் புரோபயோட்டிக் எடுத்தவர்களின் சொந்த நுண்ணுயிர்கள் பழைய நிலைக்குத் திரும்புவது, எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமானது.

வெளிநாட்டிலிருந்து வரும் போத்தல்கள் வெயிலிலும் பயணத்திலும் கிடந்து வருவதால், உள்ளே எத்தனை பற்றீரியா உயிரோடு இருக்கிறது என்பதும் கேள்விதான். வைத்தியர் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக, குறிப்பிட்ட வகையை, குறிப்பிட்ட காலத்துக்கு எழுதித் தந்தால் எடுக்க வேண்டும். அன்பினால் அனுப்பப்பட்டது என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காசை உறவினர் அனுப்பினால், கச்சானும் பயறும் பழங்களும் மாதம் முழுவதும் வாங்கலாம் என்று அவரிடம் சொல்லிவிடுவதில் தவறில்லை. அவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு: தாய்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மொங், கரேன் மக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவுகள், குடிபெயர்ந்தவர்களின் குடல் நுண்ணுயிர்ப் பல்வகைமை குறைவதையும் அடுத்த தலைமுறையில் அது மேலும் குறைவதையும் காட்டின. குரக்கன் மா இங்கிருந்து அங்கே போவதே பொருத்தம்.

## எந்த வீட்டுக்கு எது?

வயல் வேலையும் பாதுகாப்பான தண்ணீரும் உள்ள வீட்டுக்கு, கிழமையில் மூன்று நான்கு நாள் சிவப்பரிசிப் பழஞ்சோறும் தயிரும், மற்ற நாள்களில் குரக்கன் கலந்த புட்டும் என்று மாற்றி மாற்றி வைப்பதையே முதலாவதாகச் சொல்வேன். ஒன்று உயிருள்ள நுண்ணுயிரைத் தருகிறது, மற்றது அவற்றுக்கு உணவைத் தருகிறது. இரண்டுக்கும் பக்கத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை என்று வேலியிலும் வளவிலும் கிடைக்கும் இலைகளில் ஒன்று வறையாகவோ சம்பலாகவோ நாளுக்கொன்றாக மாறி வந்தால், வாரத்துத் தாவர எண்ணிக்கை தானாகக் கூடும். முறிகண்டியில் இறங்கினால் வாங்கும் கச்சானையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிணற்றுத் தண்ணீரில் நம்பிக்கையில்லாத வீடும் சின்னக் குழந்தைகள் உள்ள வீடும் பழஞ்சோற்றை விட்டுவிட்டுப் புட்டு, தோசை, அவித்த பயறு என்ற பக்கம் போவது நல்லது. புளித்த உணவுக்குக் காய்ச்சிய பாலில் வீட்டிலேயே உறையவைத்த தயிர் போதும். நேரமே இல்லாத வீடு பாணை வைத்துக்கொண்டு துணைக்கறியை மாற்றட்டும்.

வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பாதித்திருப்பதால், சிறுநீரக கிளினிக்குக்குப் போகும் ஒருவர் உள்ள வீட்டுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. குரக்கனிலும் பயறிலும் கீரையிலும் உள்ள பொற்றாசியமும் பொசுபரசும், பழஞ்சோற்றோடு கடிக்கும் மோர்மிளகாயின் உப்பும், அந்த நோயாளிக்குத் தீங்காகலாம். அவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து வைத்தியர் சொல்லும் அளவே அவருக்கு உரிய அளவு. இவ்வாறே, மலத்தில் இரத்தம் போவது, காரணமின்றி உடல் மெலிவது, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றோட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், காலை உணவை மாற்றிப் பார்ப்பதற்கு முன் வைத்தியசாலைக்குப் போய்க் காட்ட வேண்டும்.